கூலிக்கலையும் அறப்பார்வையும்: ஓர் ஓவியரின் திரைப்படத் தொடர்பு எழுப்பும் வினா

கலைப்படைப்புக்கு விலை கொடுப்பவர் அப்படைப்பின் உண்மையையும் சேர்த்து விலைக்கு வாங்கிவிடுகிறாரா என்னும் வினா அழகியலுக்கும் அறவியலுக்கும் பொதுவானது. புரவலரைப் பாடிய புலவர் மரபைப் பயில்வோர்க்கு இது புதிய வினாவும் அன்று. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா மிகக் கூர்மை பெற்ற இடம் திரைப்படத் தொழில் எனலாம். அங்குப் புரவலர் என்று ஒருவர் இல்லை, நிறுவனம் இருக்கிறது. பரிசில் இல்லை, ஒப்பந்தம் இருக்கிறது. பாடப்படும் பொருளும் பாடலை விற்கும் சந்தையும் ஒன்றாகவே இருக்கின்றன. இச்சூழலில் ஓர் ஓவியர் ஆக்கியவற்றை அறநோக்கில் எவ்வாறு மதிப்பிடுவது என்பதை ஓர் அருங்காட்சியகக் கண்காட்சியை முன்வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

அமெரிக்க ஓவியர் தாமஸ் ஹார்ட் பென்டன் (1889 – 1975) திரைப்பட உலகோடு கொண்டிருந்த தொடர்பை விளக்கும் ‘அமெரிக்கக் காவியங்கள்: தாமஸ் ஹார்ட் பென்டனும் ஹாலிவுட்டும்’ என்னும் கண்காட்சி 2015 ஜூன் மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரிலுள்ள பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் தொடங்கியது. பின்னர் கான்சாஸ் சிட்டி, ஃபோர்ட் வொர்த், மில்வாக்கி ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களுக்குச் சென்று 2016 செப்டம்பரில் நிறைவுற்றது. ஓவியங்கள், கோட்டோவியங்கள், கல்லச்சுப் படங்கள் ஆகியவற்றோடு திரைப்படத் துண்டுகளும் அதில் அருகருகே வைக்கப்பட்டன. ஓவியத்தையும் திரைப்படத்தையும் ஒரே கூரையின்கீழ் ஒரே மதிப்புடன் வைத்ததே அக்கண்காட்சியின் துணிவு. இக்கட்டுரை அதன் மதிப்புரை அன்று. அது காட்டிய சான்றுகளிலிருந்து எழும் ஒரு வினாவை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன். அது கண்காட்சி அமைப்பாளர் முதன்மையாக எழுப்ப எண்ணிய வினாவாக இல்லாமலும் இருக்கலாம்.

பின்திரை வரைந்தவர்

பென்டன் மிசூரி மாநிலத்தின் நியோஷோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். ஓவியருக்கு வைக்கப்பட்ட பெயரோ அவருடைய மூதாதையரான ஒரு செனட்டரின் பெயர். மேற்கு நோக்கி அமெரிக்கா விரிவடைய வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓங்கிக் குரல் கொடுத்தவர்களுள் அவர் ஒருவர். இப்பெயர்ப் பொருத்தம் கட்டுரையின் இறுதியில் மீண்டும் தேவைப்படும்.

சிகாகோவிலும் பாரிசிலும் பயின்று திரும்பிய இளம் ஓவியர் 1910களில் நியூயார்க்கில் வறுமையுடன் வாழ்ந்தார். அக்காலத்தில் அமெரிக்கத் திரைப்படத் தொழிலின் மையங்களுள் ஒன்றாக விளங்கியது ஹட்சன் ஆற்றின் மறுகரையில் நியூஜெர்சியிலுள்ள ஃபோர்ட் லீ. அவருடைய நண்பர் ரெக்ஸ் இங்ரம் அங்கு இயக்குநராக இருந்தார். அத்தொடர்பால் மௌனப் படங்களுக்குப் பின்திரைகள் வரையும் வேலை பென்டனுக்குக் கிடைத்தது. பெரிய பரப்பை விரைந்து நிரப்புதல், ஒளியும் நிழலும் தெளிவாகப் பிரியுமாறு உருவங்களை நிறுத்துதல், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே நோக்கில் கதை புரியுமாறு செய்தல் ஆகிய மூன்றும் அத்தொழில் கோரும் திறன்கள். பின்னாளில் அவர் வரைந்த சுவரோவியங்களில் இம்மூன்றையும் காணலாம். ஓவியம் தீட்டுவதற்கு முன் களிமண்ணில் சிறு உருவங்களைச் செய்து, அவற்றின்மீது விளக்கொளி பாய்ச்சி, நிழல் விழும் முறையைக் கண்டறிந்து, அதன் பிறகே தூரிகையை எடுப்பது அவர் வழக்கம். மறுமலர்ச்சிக்கால இத்தாலிய ஓவியரிடமிருந்து இம்முறை வந்தது என்பர். படப்பிடிப்புத் தளத்தில் அரங்கம் அமைத்து விளக்கேற்றும் முறைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படையானது. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம்.

ஆக, கூலிக்கு வரைந்த இடத்திலேதான் அவருடைய கலைமொழியின் ஒரு பாதி உருவாயிற்று. கூலிக்கு வரைந்தது ஒருபுறம், ‘தூய’ கலை மறுபுறம் என்று அவர் வாழ்வைப் பிரித்துக் காட்ட இயலாது. இதுவே பிற்காலத்தில் அவருக்கு வினையாகவும் முடிந்தது. அவரிடம் 1930 முதல் பயின்ற ஜாக்சன் பொல்லாக்கின் அருவ ஓவியங்கள் வெற்றி பெற்ற பிறகு, பென்டன் கதைசொல்லும் படங்களை வரைந்தவர், மக்களுக்கு எளிதில் பிடித்தவற்றைத் தந்தவர் என்று ஒதுக்கப்பட்டார். கண்காட்சி எதிர்கொண்ட முதன்மையான தடையும் இதுவே. திரைப்படத் தொடர்பை எடுத்துக்காட்டுவது அவரை உயர்த்துமா, தாழ்த்துமா?

கான்ட்டின் இரு அளவுகோல்கள்

தாழ்த்தும் என்ற எண்ணத்தின் வேர் ஆழமானது. இம்மானுவேல் கான்ட் 1790இல் வெளியிட்ட ‘தீர்ப்புத்திறன் பற்றிய திறனாய்வு’ என்னும் நூலில் கலையைக் கைவினையிலிருந்து பிரிக்கிறார். முன்னது விடுதலையான கலை. விளையாட்டைப் போலத் தன்னளவிலேயே இன்பம் தருவது. பின்னதைக் கூலிக்கலை என்று அழைக்கலாம் என்கிறார்; அது உழைப்பு, தன்னளவில் இனிமையற்றது, கிடைக்கும் கூலியால் மட்டுமே ஈர்ப்பது. இப்பிரிவினை பிற்காலத்தில் அறத்தின் நிறத்தையும் பெற்றுவிட்டது. விடுதலையான கலைஞர் நேர்மையாளர், கூலிக்கலைஞர் ஐயத்துக்குரியவர் என்று கான்ட் சொல்லவில்லை; அவருக்குப் பின்வந்தோர் சொல்லாமலே கொண்டுவிட்டனர்.

நம் மரபு இவ்வகையில் சற்று வேறுபட்டு நிற்பதாகத் தோன்றுகிறது. பாடாண்திணை புரவலர்–புலவர் உறவை மறைப்பதில்லை. பரிசில் கேட்பதும் பெறுவதும் பாடலின் பொருளாகவே அமைகின்றன. ஆனால் அவ்வுறவுக்குள்ளேயே எல்லைகளும் வகுக்கப்பட்டன. தன்னைக் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலைக் கொள்ள மறுத்த பெருஞ்சித்திரனாரின் புறப்பாடலில் (208) பொருள் பெறுவது இழிவென்று சொல்லப்படவில்லை. முகம் பாராமல் பெறுவது வணிகர் செயல் என்பதே அவர் சினத்தின் காரணம். மேலும் ஒரு சான்று இவ்விடத்தில் நோக்கத்தக்கது. மலையமானின் மக்களை யானைக்காலில் இட முற்பட்ட கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் தடுத்த பாடலில் (புறம். 46), யானையைக் கண்டு அழுவதையே மறந்துவிட்டு, பழகாத மன்றத்தை மருண்டு பார்க்கும் குழந்தைகளைப் புலவர் காட்டுகிறார். அரசன் தருவதைக் கொண்டு வாழ்பவர் அவர். ஆனால் அப்பாடலின் கண் அரசன்மீது மட்டும் நிற்கவில்லை. கொல்லப்படவிருக்கும் சிறுவரின் முகத்திலும் நிற்கிறது. புலவரின் அறத்தை அளக்க வேண்டுமாயின், அவர் யாரிடம் பெற்றார் என்பதைவிட யாரைப் பார்த்தார், எப்படிப் பார்த்தார் என்பதையே கேட்கவேண்டும் என இப்பாடல் உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

இவ்வளவுகோலும் கான்ட்டிடம் இல்லாமல் இல்லை. 1785இல் எழுதிய அறவியல் நூலில், மனிதத்தன்மையை எவரிடத்தும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளாது எப்போதும் குறிக்கோளாகவும் கொள்ளவேண்டும் என்று அவர் விதித்தார். அழகியல் நூலின் கான்ட் கலைஞர் கூலி பெற்றாரா என்று கேட்கச் செய்கிறார். அறவியல் நூலின் கான்ட்டோ வரையப்பட்டவர் கருவியாக்கப்பட்டாரா என்று கேட்கச் செய்கிறார். இவ்விரண்டும் ஒரே விடையைத் தருவன என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். பென்டனின் படைப்புகள் அவ்வெண்ணத்தைக் கலைத்துவிடுகின்றன.

‘ஹாலிவுட்’ ஓவியம்

1937ஆம் ஆண்டில் ‘லைஃப்’ இதழ் பென்டனை ஹாலிவுட்டுக்கு அனுப்பியது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் படப்பிடிப்புத் தளங்களில் சுற்றி அவர் ஏராளமான கோட்டோவியங்களை வரைந்தார். அவற்றிலிருந்து எழுந்தது ‘ஹாலிவுட்’ (1937–38) என்னும் பெரிய ஓவியம். இரண்டு மீட்டருக்கு மேல் அகலமுடைய அது இன்று கான்சாஸ் சிட்டியின் நெல்சன்–அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கண்காட்சியின் மையப் படைப்பும் அதுவே.

ஓவியத்தின் நடுவில் மிகக் குறைந்த ஆடையுடன் ஒரு நடிகை நிற்கிறார். ஒளி முழுவதும் அவர்மேல் விழுகிறது. பின்னணியில் ஒரு நகரம் எரிகிறது. அது படத்துக்காக எரிக்கப்படும் நகரம். முதல் பார்வையில் இது திரைப்பட விளம்பரம் போலவே தோன்றும். ஆனால் கண் சற்று நகர்ந்தால் படம் வேறாகிறது. நடிகையைச் சுற்றிலும் ஒளிப்பதிவுக் கருவிகள், விளக்குகள், கம்பிகள், அவற்றை இயக்கும் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் நடிகையைப் பார்ப்பதில்லை. தத்தம் வேலையைப் பார்க்கிறார்கள். திரையில் இவர்களில் ஒருவரும் தோன்றமாட்டார்கள். திரைப்படம் எதை மறைத்தால்தான் திரைப்படமாக இயங்க முடியுமோ அதனையே ஓவியத்தின் பெரும்பகுதி நிரப்பி நிற்கிறது. இத்தனை எந்திரங்களும் மின்விசையும் தச்சு வேலையும் முதன்மையாக இளம்பெண்களின் ஆடைக்குள் இருப்பதை நோக்கியே திருப்பப்பட்டுள்ளன என்னும் கருத்தைப் புலப்படுத்த விரும்பியதாகப் பென்டனே விளக்கியிருக்கிறார்.

அவ்விளக்கம் கூர்மையானது, ஆனால் ஓவியம் அதைவிடச் சிக்கலானது. நடிகையின் உடலைப் பண்டமாக்கும் தொழிலைச் சாடுவதற்கு அதே உடலைத் தன் ஓவியத்தின் நடுவில் நிறுத்தி அதே ஒளியைப் பாய்ச்சியவர் ஓவியரே. பெண்ணியத் திறனாய்வாளர் இதனை எளிதில் மன்னிக்கமாட்டார்; மன்னிக்க வேண்டியதும் இல்லை. அத்தொழிலாளர்களுக்கு ஓவியர் தந்த வேலையை, தனித்தன்மையை, கவனத்தை நடிகைக்குத் தரவில்லை. அவர் மட்டும் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார். நடிப்பும் உழைப்பே என்பது பென்டனின் கண்ணுக்குப் படவில்லை. இதழின் பொருளுதவி இக்குறைக்குக் காரணமாகுமா? ஆகாது என்றே தோன்றுகிறது. இதழின் செலவில் சென்று தொழிலின் உள்ளமைப்பைக் கண்டு வரைந்தது அவர் கண். நடிகையைக் காணாது விட்டதும் அவர் கண்ணே. கூலி இரண்டையும் விளக்கவில்லை.

அரசின் பொருளில் வரைந்த சுவரோவியங்களும் இதனை உறுதி செய்கின்றன. 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்காக இந்தியானா மாநிலத்தின் வரலாற்றை வரைந்தபோது, அம்மாநிலத்தில் வலிமை பெற்றிருந்த கு க்ளக்ஸ் கிளான் கூட்டத்தையும் எரியும் சிலுவையையும் அவர் விடவில்லை. 1936இல் மிசூரி சட்டமன்றக் கட்டடத்தில் வரைந்தபோது, அக்காலத்தில் கான்சாஸ் சிட்டி அரசியலைத் தன் பிடியில் வைத்திருந்த பெண்டர்காஸ்ட்டையும் சுவரில் அமர்த்தினார். கூலி கொடுத்தவர்கள் இவற்றை விரும்பிக் கேட்டிருக்க வழியில்லை.

ஜோட் குடும்பத்தின் முகங்கள்

அறவினா மிக நெருக்கமாக நம்மைத் தொடும் இடம் ஜான் ஸ்டைன்பெக்கின் ‘சினத்தின் கனிகள்’ தொடர்பானது. 1939இல் வெளிவந்த அந்நாவல், வறட்சியாலும் கடனாலும் நிலமிழந்து ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பெயர்ந்த உழவர் குடும்பத்தின் கதை. மறு ஆண்டே ஜான் ஃபோர்டின் இயக்கத்தில் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் அதனைத் திரைப்படமாக்கியது. அப்படத்தின் விளம்பரத்துக்காகப் பென்டன் கல்லச்சுப் படங்களை வரைந்து கொடுத்தார். தாய், தந்தை, டாம், ரோஸ் ஆஃப் ஷாரன், போதகர் கேசி ஆகியோரின் முகங்கள் தனித்தனியாகவும், குடும்பம் வீட்டை விட்டுப் புறப்படும் காட்சி ஒரு பெரும் படமாகவும் அமைந்தன. அவற்றின் பெரிதாக்கப்பட்ட படிகள் விளம்பரங்களாயின.

பட்டினியால் ஊரைவிட்டு ஓடியவர்களின் முகத்தைச் சீட்டு விற்பதற்குப் பயன்படுத்தலாமா? அவ்விளம்பரத்தைக் கண்டு திரையரங்குக்குச் சென்றவர் செலுத்திய காசில் ஒரு பகுதியேனும் அம்முகங்களுக்கு உரியவரைச் சென்றடைந்ததா? இவ்வாறு கேட்டால் விடை வெளிப்படை. அவர்கள் கருவியாக்கப்பட்டனர். ஆனால் கான்ட்டின் விதியில் ‘மட்டும்’ என்னும் சொல் இருக்கிறது. எவரையும் கருவியாகக் கொள்ளவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. வெறும் கருவியாக மட்டும் கொள்ளக்கூடாது என்றே சொன்னார். நாவலாசிரியர், இயக்குநர், ஓவியர், ஏன் வறுமை பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டம் பெறும் நம்மவர் உட்படப் பிறர் துன்பத்தை எழுதிப் பெயர் பெறும் அனைவருமே ஏதோ ஓர் அளவில் பிறரைக் கருவியாகக் கொள்கின்றனர். ‘மட்டும்’ என்ற சொல்லைக் காப்பாற்றுகிறார்களா என்பதே வினா.

பென்டனின் கல்லச்சுகளை இந்நோக்கில் காண்போம். புறப்பாட்டுப் படத்தில் வண்டியில் பொருள் ஏற்றப்படுகிறது. ஒவ்வோர் உடலும் ஒரு சுமையோடு வளைந்திருக்கிறது. எவரும் பார்வையாளரை நோக்கிக் கையேந்தவில்லை. இரக்கத்தைக் கேட்கும் முகம் ஒன்றுகூட இல்லை. முகப்படங்களில் நீண்ட தாடையும் குழிந்த கன்னமும் சற்று மிகைப்படுத்தப்பட்டிருப்பினும், அம்மிகை கேலிக்காக அன்று. ஓர் உருவத்தை மற்றொன்றோடு குழப்பிக்கொள்ள முடியாதபடி ஆக்குவதற்காகவே. ‘புலம்பெயர்ந்தோர்’ என்னும் பொதுப்பெயருக்குள் மறைந்துபோகும் மனிதர்கள் இங்கு ஒருவர் ஒருவராகப் பிரிந்து நிற்கின்றனர். இதனைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. 1920களிலிருந்தே தென்மாநிலங்களிலும் மத்திய மேற்கிலும் நாட்டுப்புற மக்களிடையே அலைந்து அவர்களை நேரில் கண்டு வரைந்தவர் பென்டன். 1937இன் தொடக்கத்தில் தென்கிழக்கு மிசூரியை வெள்ளம் சூழ்ந்தபோது நாளிதழ்களுக்காக அங்குச் சென்று வீடிழந்தோரை வரைந்தார். அப்பார்வையின் பயிற்சியே ஃபாக்ஸ் நிறுவனத்தின் கூலிப்பணியிலும் தொடர்ந்தது. பெருஞ்சித்திரனாரின் சொல்வழக்கில் கூறுவதானால், முகம் பார்த்து வரைந்தவர் அவர்.

இதே படங்கள் 1940இல் நாவலின் அழகுப் பதிப்பு ஒன்றுக்கும் அவர் வரைந்த கல்லச்சுகளோடு உறவுடையவை. சுவரொட்டியில் ஒட்டியபோது விளம்பரம், நூலில் கட்டியபோது இலக்கிய ஓவியம், அருங்காட்சியகத்தில் மாட்டியபோது நுண்கலை என்று ஒரே கையின் ஒரே வகைக் கோடுகள் மூன்று பெயர் பெறுகின்றன. பெயரை மாற்றுவது கோடு அன்று, சுவர்.

இடர் ஆண்டு

இதுவரை கண்டவை கூலிக்கலைக்குச் சார்பான வாதம் போலத் தோன்றலாம். எதிர்முனையையும் காண்பது தேவை. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது பென்டன் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். பயணத்தை விட்டு வீடு திரும்பிச் சில வாரங்களிலேயே ‘இடர் ஆண்டு’ என்னும் ஓவிய வரிசையை வரைந்தார். தொடங்குமாறு எவரும் கேட்கவில்லை. எவரும் முன்பணம் தரவில்லை. நாட்டு மக்களைத் தட்டி எழுப்பவேண்டும் என்னும் உள்ளார்ந்த வேகமே அவரை இயக்கியது. பின்னரே அபட் மருந்து நிறுவனம் அவற்றை வாங்கி, அவற்றின் படிகள் பரவ வழி செய்தது. கான்ட்டின் 1790ஆம் ஆண்டு அளவுகோலின்படி பென்டனின் படைப்புகளில் விடுதலையுடன் எழுந்தவை இவை.

அவற்றில் காண்பது என்ன? ஓர் ஓவியத்தில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவை அச்சு நாடுகளின் படைவீரர் மீண்டும் குத்துகின்றனர். வேறொன்றில் அரக்கர் போன்ற பேருருவங்கள் மண்டையோடுகளை விதைக்கின்றன. ‘அழித்தொழி’ என்னும் பொருளுடைய தலைப்புக் கொண்ட ஓவியத்தில் பகைவர் மனித உருவையே ஏறத்தாழ இழந்துவிட்டனர். அமெரிக்க வீரர்கள் கொல்வது மனிதரை அன்று, பூதங்களை. ஜப்பானியரின் முகம் இனவெறுப்பின் கேலிச்சித்திரமாகவே தீட்டப்பட்டுள்ளது. ஃபோர்ட் லீயில் கற்ற திறன்கள் அனைத்தும், பெரும்பரப்பும் கூர்ந்த ஒளியும் ஒரே நோக்கில் கதை புரிதலும், இங்கு முழுவலிமையுடன் இயங்குகின்றன. திகில் படங்களின் காட்சியமைப்பு நினைவுக்கு வராமல் போகாது. ஜோட் குடும்பத்தின் ஒவ்வொரு முகத்தையும் பிரித்துக் காட்டிய கை இங்கு ஓர் இனத்துக்கே ஒரு முகத்தைக் கொடுத்தது.

காலச்சூழலைக் கருதவேண்டும் என்று கூறுவர். கருதத்தான் வேண்டும். பாசிசத்தை எதிர்ப்பது நேர்மையான நோக்கம். பென்டனின் அச்சமும் பொய்யன்று. ஆனால் 1942இல்தான் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர், அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்களே, வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு அடைபட்டனர். அம்முகாம்களுக்கு இவ்வோவியங்கள் காரணம் என்று சொல்வது மிகையாகும். எனினும் அண்டை வீட்டுக்காரரைப் பகைவராகக் காணும் பார்வையை இவை போன்ற படங்கள் பழக்கப்படுத்தின என்பதை மறுக்க இயலாது. நிறுவனம் ஒன்று கூலி கொடுத்து வரையச் சொன்ன ஏழை உழவரை மனிதராகக் கண்டவர், எவரும் சொல்லாமல் தன் நெஞ்சின் வழி நின்று வரைந்தபோது மனிதரைக் காணத் தவறினார்.

இதனை மாற்றி, விடுதலையான கலையே தீங்கானது என்று முடிவு செய்தால் அதுவும் பிழையாகும். 1919க்கும் 1928க்கும் இடையே எவருடைய அழைப்பும் இன்றிப் பென்டன் வரைந்த ‘அமெரிக்க வரலாற்றுக் காவியம்’ என்னும் வரிசையும் அவருடைய சொந்த விருப்பத்தில் எழுந்ததே. அதில் குடியேறிகளின் வன்முறையும் அடிமைகள்மீது விழுந்த சாட்டையும் மறைக்கப்படவில்லை. ஆகவே விடுதலை இரு வகையாகவும் பயன்பட்டிருக்கிறது. கூலியும் இரு வகையாகவும் பயன்பட்டிருக்கிறது. கூலி பெற்றாரா என்னும் வினா நேர்மையைக் கண்டறியும் கருவியாகப் பயன்படவில்லை என்பதே இச்சான்றுகள் தரும் பெறுபேறு. பொருள் தந்தவருக்குப் படைப்பில் பங்கே இல்லை என்று நான் கூறவில்லை. எதை வரைவது என்பதை அவர் தீர்மானிக்கலாம். வரையப்படுபவரை எப்படிப் பார்ப்பது என்பது ஓவியரிடமே எஞ்சி நிற்கிறது. அதற்குப் பொறுப்பும் அவருடையதே. கூலியைக் காட்டி அப்பொறுப்பிலிருந்து தப்பவும் முடியாது; கூலியின்மையைக் காட்டி அதற்குப் பாராட்டும் பெறமுடியாது.

சுவரின் பொறுப்பு

அருங்காட்சியகத்தின் பங்கு என்ன? 1940இல் ஜான் ஃபோர்டின் ‘நீண்ட கடற்பயணம்’ படப்பிடிப்பின்போது தயாரிப்பாளர் வால்டர் வாங்கர் பென்டன், கிராண்ட் வுட் உள்ளிட்ட ஓவியர்களை அழைத்துப் படப்பிடிப்புக் காட்சிகளை வரையச் செய்தார். அவ்வோவியங்கள் பின்னர் அருங்காட்சியகங்களில் சுற்றுக்கு விடப்பட்டன. படத்துக்கு அது நல்ல விளம்பரம். எனவே அருங்காட்சியகச் சுவர் திரைப்படத்துக்கு விளம்பரப் பலகையாவது 2015இல் தோன்றிய நிலையன்று. கூலிக்கலையை ஐயத்துடன் காணும் நிறுவனமே ஒரு காலத்தில் அக்கலைக்கு இடம் வாடகைக்குத் தந்ததுபோல் நடந்துகொண்டது என்பதில் சற்று நகைச்சுவையும் இருக்கிறது.

‘அழித்தொழி’ போன்ற ஓவியத்தை இன்று மாட்டும்போது எழும் சிக்கல் இதனினும் கடினமானது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் சொற்பொழிவுக் கூடம் ஒன்றில் பென்டனின் கிளான் காட்சி இடம்பெற்ற சுவரோவியப் பகுதி உள்ளது. நெடுங்கால எதிர்ப்புக்குப் பின் 2017இல் அக்கூடத்தில் வகுப்புகள் நடத்துவதில்லை எனப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது, ஓவியம் அகற்றப்படவில்லை. அந்த ஓவியம் கிளானைப் புகழவில்லை, அம்பலப்படுத்துகிறது. எனினும் நாள்தோறும் அதன்கீழ் அமர்ந்து வேறு பாடம் படிக்கவேண்டிய கறுப்பின மாணவருக்கு அவ்வேறுபாடு ஆறுதல் தராது. விரும்பிச் சென்று பார்க்கும் கண்காட்சியும் விலகமுடியாத வகுப்பறையும் ஒன்றல்ல. ஓவியரின் பார்வை நேர்மையானதாக இருந்தாலும், அதை எங்கே, யார் முன்னே வைப்பது என்னும் பொறுப்பு வைப்பவருடையது. கண்காட்சி ஓவியத்தின் அருகே திரைப்படத்தை ஓடவிட்டதை இவ்வகையில் நான் பெரிதும் மதிக்கிறேன். பகைவரைப் பூதமாக்கும் காட்சிமொழி ஓர் ஓவியரின் தனி மனக்கோணல் அன்று, ஒரு முழுத் தொழிலின் பொதுச்சொத்து என்பதை அவ்வைப்புமுறை சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

நம் நாட்டில் இத்தகைய கண்காட்சி ஒன்றை அமைக்க முற்பட்டால் முதலில் நினைவுக்கு வருபவர் எம். எஃப். ஹுசைன். பம்பாயில் திரைப்பட விளம்பரப் பதாகைகள் வரைந்து வாழ்ந்தவர். 1967இல் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக அவர் எடுத்த ‘ஓர் ஓவியனின் கண்கள் வழியே’ என்னும் குறும்படம் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பதாகைக் காலத்தை, புகழுக்கு முன்பட்ட துன்பமாக, கடந்துவந்த படியாகச் சொல்வதே வழக்கம். அவரோடு அதே சாரங்களில் நின்று அதே வண்ணங்களைக் கலந்து, பதாகை ஓவியராகவே வாழ்ந்து மடிந்தவர்களை இந்த வரலாற்று முறை கருவியாக மட்டுமே கொள்கிறது. ஒருவருடைய உயரத்தைக் காட்டுவதற்கு மற்றவர் பள்ளமாகின்றனர். கணினி அச்சுப் பதாகைகள் வந்த பிறகு கையால் வரையப்பட்டவை அகற்றப்பட்டன. மழையில் நனைந்தவையும் மேல்பூச்சில் மறைந்தவையும் போக எஞ்சியவை சிலவே. திரைப்படம் பற்றிய தமிழ் ஆய்வுகளில் பாடலும் உரையாடலும் பெற்ற இடத்தைப் பதாகை பெறாததற்கு, கூலிக்கலை ஆய்வுக்குரியதன்று என்னும் சொல்லப்படாத எண்ணமும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

மீண்டும் பென்டனிடம் வருவோம். 1954இல் நடிகர் பர்ட் லான்காஸ்டர் தாமே இயக்கி நடித்த ‘கென்டக்கியர்’ படத்துக்காகப் பென்டன் அதே பெயரில் ஓர் ஓவியம் தீட்டினார். படம் 1955இல் வெளிவந்தது. ஆளுயரத்துக்கும் மேலான அவ்வோவியத்தில் லான்காஸ்டர் எல்லைப்புற வேட்டுவராக மலைமேல் ஏறி நிற்கிறார். உடன் ஒரு சிறுவனும் நாயும். கண்கள் தொலைவை நோக்குகின்றன. நேர்த்தியான ஓவியம், வெறுப்பு ஏதும் அதில் இல்லை. எவருடைய முகமும் சிதைக்கப்படவில்லை. ஆனால் அவர்கள் நடந்து செல்லும் நிலத்தில் வேறு எவருமே இல்லை. அந்நிலத்தில் அவர்களுக்கு முன் வாழ்ந்தவரை ‘அமெரிக்க வரலாற்றுக் காவியத்தில்’ வரைந்த அதே ஓவியர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் மேற்கு நோக்கிய விரிவுக்காக வாதிட்ட செனட்டரின் பெயரைத் தாங்கியபடி, நிலத்தைக் காலியாக்கி வரைந்தார். காலியாக்கச் சொல்லி லான்காஸ்டர் கேட்டிருக்கத் தேவையில்லை. 1977இல் அவர் அவ்வோவியத்தை லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். வரையச் சொன்னவரின் முகமும் அளித்தவரின் முகமும் அதில் ஒன்றே.